மெஷ் பிறந்த கதை

ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி கிட்டத்தட்ட படுத்த நிலையில்தான் நிற்கிறது. விண்மீனை இரவெல்லாம் விடாமல் தொடர வேண்டுமானால், தொலைநோக்கியைச் சுமக்கும் சட்டத்தின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, துருவ விண்மீனைப் பார்த்தபடி இருக்க வேண்டும். காவலூரின் அட்சரேகை 12.5 டிகிரி. எனவே அச்சும் தரையிலிருந்து 12.5 டிகிரிதான் நிமிர்ந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பாலமர் மலையில் இருக்கும் 200 அங்குலத் தொலைநோக்கிக்கு அது 33 டிகிரி. எடையைப் பகுத்துப் பார்த்தால், காவலூரில் அச்சுக்குச் செங்குத்தாக விழும் கூறு மொத்த எடையின் 98 சதவீதம். பாலமரில் 84 சதவீதம். வடக்கே குதிரைலாட வடிவில் ஒரு பெரிய இரும்பு வளையம், தெற்கே ஒரு தாங்கி, நடுவில் நுகத்தடி. அதற்குள்தான் தொலைநோக்கிக் குழல் அசைகிறது.

இதை வடிவமைத்தது டாடா கன்சல்டிங் எஞ்சினியர்ஸ். கட்டிக் கொடுத்தது வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். 1985 நவம்பர் 2-ஆம் தேதி அதில் முதல் ஒளி விழுந்தது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

படுத்த அச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாலையில் கிழக்கே பார்க்கும் நுகத்தடி விடியும்போது மேற்கே சாய்ந்திருக்கும். புவியீர்ப்பு திசை மாறுவதில்லை; சட்டம்தான் அதற்குள் உருள்கிறது. அதனால் மாலையில் ஒரு பக்கம் தொய்ந்த இரும்பு நள்ளிரவில் வேறு பக்கம் தொய்கிறது, விடியலில் இன்னொரு பக்கம். எவ்வளவு தடிமனான இரும்பானாலும் தொய்யும். கண்ணாடிக்கும் அதே கதிதான். ஒளியின் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர். கண்ணாடிப் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 நானோமீட்டர் அளவுக்குப் பிசகினாலே படத்தின் கூர்மை குறையத் தொடங்கும். பிரெஞ்சு ஒளியியலாளர் ஆந்த்ரே கூடர் 1930-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு விதி சொன்னார். தாங்கும் விதம் மாறாமல் இருந்தால், கண்ணாடியின் தொய்வு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். தடிமனின் இரண்டாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். காவலூரில் 1972-லேயே ஜெர்மனியின் யேனா நகரத்து சைஸ் நிறுவனத்தின் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து 234 சென்டிமீட்டருக்குப் போகும்போது தடிமனைக் கூட்டாமல் விட்டால் தொய்வு ஏறத்தாழ 28 மடங்காகும்.

கட்டி முடித்த பிறகு தொய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பல டன் இரும்பையும் கண்ணாடியையும் தொடுவதற்கு முன்பே, காகிதத்தில் அது எவ்வளவு வளையும் என்று தெரிந்திருக்க வேண்டும். மெஷ், அதாவது ஒரு வடிவத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும் வலை, பிறந்தது இந்தத் தேவையில்தான்.

பாலமர் தொலைநோக்கியைக் கட்டியவர்களுக்கு 1935-ல் இதே கேள்வி வந்தது. கால்டெக்கின் இளம் பொறியாளர் மார்க் செருரியர் ஓர் அழகான வழி கண்டார். குழலின் மேல்முனையில் ஒரு கண்ணாடி, கீழ்முனையில் ஒரு கண்ணாடி. இரண்டையும் தனித்தனி முக்கோணச் சட்டங்களில் நிறுத்தி, இரண்டும் ஒரே அளவு தொய்யும்படி கம்பிகளின் பருமனைத் தேர்ந்தெடுத்தார். தொய்வு அப்படியே இருந்தது. ஆனால் இரு கண்ணாடிகளும் ஒன்றையொன்று நேராகவே பார்த்துக்கொண்டிருந்தன. கையால் போட்ட கணக்கு அது. கம்பிச் சட்டம் என்பதால்தான் அதைக் கையால் போட முடிந்தது. ஒரு கம்பியை இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதற்குச் சூத்திரம் உண்டு. கம்பிகள் சேரும் இடங்களில் விசைகளைச் சமன் செய்தால் போதும், விடை வந்துவிடும்.

குதிரைலாடம் கம்பிச் சட்டம் இல்லை. நடுவில் துளையிட்டு, பின்புறம் பல புள்ளிகளில் தாங்கப்பட்ட கண்ணாடி வட்டும் அப்படியில்லை. அவற்றுக்குச் சூத்திரம் கிடையாது. மீள்மைக் கோட்பாட்டின் சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. ஆனால் நீளப்பாளம், முழு வட்டு, உருண்டை என்று சில எளிய வடிவங்களுக்குத்தான் அவற்றைத் தீர்க்க முடிந்தது. எஞ்சினியர் கையில் வந்து விழும் வடிவம் எதுவும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

இதை உடைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் முதலில் கம்பிச் சட்டத்திலிருந்தே வந்தது. ரஷ்யாவில் பிறந்து கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் ஹ்ரெனிகாஃப், 1941-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகட்டைத் தகடாகப் பார்க்காமல், சதுரமும் மூலைவிட்டங்களுமாகக் கம்பிகளை அடுக்கிய பின்னலாக மாற்றிவிட்டால், கம்பிச் சட்டக் கணக்கையே தகட்டுக்கும் போடலாம் என்றார். கம்பிகளின் பருமனைச் சரியாகத் தேர்ந்தால் பின்னல் தகட்டைப் போலவே வளையும். அதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எளிய பின்னலில் பொருளின் பக்கவாட்டுச் சுருக்க விகிதம், அதாவது பாய்சான் விகிதம், மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். எஃகுக்கு அது சுமார் 0.3 என்பதால் ஏறத்தாழப் பொருந்தியது.

அதே 1941-ல் கணிதவியலாளர் ரிச்சர்ட் கூரான்ட் அமெரிக்கக் கணிதக் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். 1943-ல் அது அச்சில் வந்தபோது பின்னிணைப்பாக ஒரு சின்னக் கணக்கைச் சேர்த்தார். சதுரமான, நடுவில் உள்ளீடற்ற தண்டை முறுக்கினால் என்ன ஆகும் என்பது கேள்வி. அதன் குறுக்குவெட்டைச் சில முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் விடை நேர்கோடாக மாறும் என்று வைத்துக்கொண்டு தோராயமாகத் தீர்த்துக் காட்டினார். இன்று நாம் மெஷ் என்று சொல்வது முழுதாக அதில் இருக்கிறது. பத்தாண்டுக்கும் மேல் எஞ்சினியர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பத்துச் சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பதே கையால் ஒரு நாள் வேலையாக இருந்த காலத்தில் முக்கோணங்களைப் பெருக்கி என்ன பயன்?

பயன் வந்தது விமானத்தால். 1950-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனம் முக்கோண வடிவ டெல்டா இறக்கைகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. பழைய நீண்ட இறக்கையை ஒரு உத்தரமாக எண்ணிக் கணக்குப் போட்டுவிடலாம். குட்டையும் அகலமுமான டெல்டா இறக்கைக்கு உத்தரக் கணக்கு பொய்த்தது. சோதனையில் வந்த விறைப்பும் காகிதத்தில் வந்த விறைப்பும் ஒத்துப்போகவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1952-லும் 1953-லும் கோடைக்காலத்தில் வந்து வேலை பார்த்த ரே கிளஃபுக்கு, அவருடைய மேலாளர் ஜான் டர்னர் ஒரு யோசனை சொன்னார்: இறக்கையின் மேல்தோலைக் கம்பிகளாகப் பார்க்காமல் முக்கோணத் துண்டுகளாகவே எடுத்துக்கொள்வோம். கம்பியின் கட்டுப்பாடு அத்தோடு ஒழிந்தது. முக்கோணத்துக்கு எந்தப் பாய்சான் விகிதமும் பொருந்தும். எந்தச் சாய்வான விளிம்பையும் அது தொட்டுக்கொண்டு நிற்கும். டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் 1956-ல் வெளியிட்ட கட்டுரை இதுதான். 1960-ல் கிளஃப் எழுதிய இன்னொரு கட்டுரையில் இந்த முறைக்கு 'ஃபைனைட் எலிமெண்ட்' என்ற பெயர் விழுந்தது. அந்த நேரம் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்து வந்தது அணை. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் நார்ஃபோர்க் அணையின் உடம்பில் செங்குத்தாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. வெப்பநிலை மாற்றத்தால் வந்தது. கிளஃபும் அவருடைய மாணவர் எட் வில்சனும் விரிசலையும் அடிப்பாறையையும் சேர்த்து முக்கோணங்களாகப் பிரித்து, நீர் நிரம்பும்போது தகைவு எங்கே எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். ஒரு கோடு கிழித்ததும் இரண்டு பக்க முக்கோணங்களும் பிரிந்து நின்றன. விரிசல் கணக்குக்குள் வந்துவிட்டது. எந்தச் சூத்திரப் புத்தகத்திலும் விரிசல் விட்ட அணைக்குப் பக்கம் கிடையாது. மெஷ் தன் தகுதியை நிரூபித்தது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். இறக்கைக் கணக்கு விமானக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அணைக்குப் பிறகு சிவில் எஞ்சினியர்கள் உள்ளே வந்தார்கள். 1967-ல் வேல்ஸின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெங்கிவிச் இதற்கு முதல் பாடநூல் எழுதினார். அதே ஸ்வான்சியில் புரூஸ் அயன்ஸ், வளைந்த பக்கங்கள் கொண்ட கட்டிகளையும் நேரான கட்டிகளைப் போலவே கணக்கிட வழி செய்தார். 1960-களின் இறுதியில் நாசா தன் ஃபைனைட் எலிமெண்ட் நிரலான நாஸ்ட்ரானை முடித்தது.

இவர்களைத்தான் வரலாறு கொண்டாடுகிறது. சமன்பாட்டை அமைத்தவர்களுக்கும் தீர்த்தவர்களுக்கும் உரிய இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் வடிவத்தை வெட்டிக் கொடுத்த வேலை? எங்கே நெருக்கமாகப் போட வேண்டும், எங்கே அகலவிட வேண்டும், எந்த முக்கோணம் ஆகாது என்று தீர்மானித்த வேலை? அதைத் தொடக்கத்தில் வரைபடத் தாளில் பென்சிலால் செய்தார்கள். முக்கோணங்களின் முனைகள் சேரும் ஒவ்வொரு கணுவின் எண்ணையும் ஆயத்தொலைவுகளையும் துளையட்டையில் அடித்தார்கள். ஒரு எண் தவறினால் ஒரு முக்கோணம் புரண்டு நிற்கும்; விடை முழுக்கக் கெடும். மெஷ்ஷின் கதையில் எனக்கு மிக நெருக்கமான பகுதி இந்த வெட்டும் கலைதான். ஒல்லி முக்கோணம் ஆகாது என்ற அதன் முதல் விதி விமானக்காரர்கள் கண்டது அல்ல.

அந்த விதியை நிலம் அளந்தவர்கள் வெகு காலம் முன்பே அறிந்திருந்தார்கள். 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கிளம்பி, குன்று விட்டுக் குன்று தாவி, தென்னிந்தியாவைக் குறுக்கே மங்களூர் வரை அளந்துகொண்டு போனார். பின்னாளில் இமயம் வரை போன பெரும் முக்கோண அளவீட்டின் பிறப்பிடம் நம் பரங்கிமலை. முக்கோணத்தில் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் தெரியும். ஆனால் எதிர்க்கோணம் குறுகலாக இருந்தால், கோணத்தை அளப்பதில் வரும் சிறு பிழை பக்க நீளத்தில் பெரிதாகிவிடும். 60 டிகிரிக் கோணத்தில் வரும் பிழையைவிட 10 டிகிரிக் கோணத்தில் அது ஏறத்தாழப் பத்து மடங்கு. அதனால் ஒல்லி முக்கோணத்தைச் சர்வேக்காரர்கள் தொடுவதில்லை. வேறொரு குன்றைத் தேடிப் போவார்கள்.

மெஷ்ஷிலும் அதே விதி, காரணம் வேறு. விரிகோணம் 180 டிகிரியை நெருங்கினால் முக்கோணத்துக்குள் விடையின் சரிவைக் கணிப்பது பிசகும். தகைவு வருவது சரிவிலிருந்துதான். மிகக் குறுகிய கோணம் இருந்தால் சமன்பாடுகளின் தொகுதி நலிவடைந்து, கம்ப்யூட்டரின் கடைசித் தசமங்கள் விடைக்குள் நுழைந்துவிடும்.

புள்ளிகளைக் கொடுத்தால், அவற்றை இணைக்கும் முக்கோணங்களில் மிக நல்லவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதற்கு விடை, எஞ்சினியர் யாரும் கேட்காத காலத்தில், 1934-ல் ரஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலோனே எழுதிய சிறு கட்டுரையில் இருந்தது. அவர் மலையேறுபவரும்கூட, அல்தாய் மலைத்தொடரில் ஒரு சிகரத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் சொன்ன நிபந்தனை ஒற்றை வரி: முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகப் போகும் வட்டத்துக்குள் வேறு புள்ளி எதுவும் இருக்கக் கூடாது. அவர் படிகங்களையும் எண் கோட்பாட்டையும் நினைத்து எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, 1977-ல் சார்லஸ் லாசன் அதன் மதிப்பைக் காட்டினார். சமதளத்தில் அந்த நிபந்தனைக்கு உட்படும் முக்கோணங்கள்தான், இருக்கும் கோணங்களிலேயே மிகச் சிறியதை முடிந்தவரை பெரிதாக்குகின்றன. சர்வேக்காரர் குன்று தேடிய காரியத்தை வட்டம் ஒன்று செய்துவிட்டது. 1981-ல் ஏட்ரியன் பௌயரும் டேவிட் வாட்சனும், ஒருவரையொருவர் அறியாமல், எத்தனை பரிமாணத்திலும் இதைக் கம்ப்யூட்டரில் செய்யும் முறையை ஒரே இதழின் அடுத்தடுத்த பக்கங்களில் வெளியிட்டார்கள். அந்த பௌயர்தான் பின்னாளில் தன்னையே அச்சடித்துக்கொள்ளும் முப்பரிமாண அச்சு இயந்திரமான ரெப்ராப்பைத் தொடங்கியவர். 1986-ல், காவலூர் தொலைநோக்கி அர்ப்பணிக்கப்பட்ட அதே ஆண்டில், ஜேம்சன், பேக்கர், வெதரில் மூவரும் ஒரு முழு விமானத்தைச் சுற்றியுள்ள காற்றை நான்முகிகளாக வெட்டி, காற்றோட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

முப்பரிமாணம் வந்ததும் டெலோனேயின் உறுதி சரிந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முக்கோணத்துக்குப் பதில் நான்முகி. வட்டத்துக்குப் பதில் கோளம். ஒரு கோளத்தின் நடுக்கோட்டை ஒட்டி, கிட்டத்தட்ட சம இடைவெளியில் நாலு புள்ளிகளை வையுங்கள். நாலையும் இணைத்தால் நான்முகி. அதன் விளிம்புகள் சீரானவை. எந்த விளிம்பும் குட்டையாக இல்லை. அதன் நாலு முகங்களும் நல்ல முக்கோணங்கள். அதைச் சூழும் கோளம் காலியாக இருக்கிறது. டெலோனே நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் அதன் கனஅளவு கிட்டத்தட்ட பூஜ்யம். அப்பளம் போலத் தட்டையாகக் கிடக்கிறது. மெஷ் போடுபவர்கள் இதை ஸ்லிவர் என்பார்கள். கேவெண்டிஷும் உடன் பணியாற்றியவர்களும் 1985-ல் கார் பாகங்களை நான்முகிகளாக வெட்டத் தொடங்கியபோதே இது முளைத்தது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் வடிவம் கெட்டுப்போவது இதில்தான். பின்வந்த நிரல்களில் பாதி வேலை நான்முகிகளை உருவாக்குவது. மறுபாதி ஸ்லிவரைத் தேடித் தேடி அழிப்பது.

இன்னொரு தடை அதைவிட ஆழமானது. சமதளத்தில் எந்தப் பலகோணத்தையும், புதுப்புள்ளி எதுவும் சேர்க்காமல், அதன் முனைகளை மட்டும் இணைத்தே முக்கோணங்களாகப் பிரித்துவிடலாம். கனத்தில் அப்படிச் செய்ய முடியாத வடிவம் உண்டு. எரிக் ஷோன்ஹார்ட் 1928-ல் ஒன்றைக் காட்டினார். ஒரு முக்கோணப் பட்டகத்தை எடுங்கள். கீழ் முக்கோணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, மேல் முக்கோணத்தை 30 டிகிரி திருகுங்கள். மூன்று பக்கச் செவ்வகங்களும் மூலைவிட்டம் வழியாக உள்ளே மடங்கும். ஆறே முனைகள்தான். அவற்றில் எந்த நாலைத் தேர்ந்து நான்முகி செய்தாலும், ஏதாவது ஒரு விளிம்பு வடிவத்துக்கு வெளியே போய்விடும். உள்ளே புதுப்புள்ளி ஒன்று வைக்காமல் அதை வெட்டவே முடியாது. முப்பரிமாண மெஷ் நிரல் எழுதுபவர் யாரும் இந்தச் சின்னத் திருகலைத் தாண்டாமல் மேலே போனதில்லை.

இத்தனையும் வடிவம் கையில் இருந்தால்தான். அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்த கதை இணையாக ஓடியது. சிட்ரோயனில் பால் த காஸ்டல்ஜோவும் ரெனோவில் பியர் பெசியேவும் காரின் வளைவுகளுக்குக் கணித உருவம் கொடுத்தார்கள். 1963-ல் ஐவன் சதர்லாந்து திரையில் பேனா வைத்து வரைந்தார். 1970-களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்ட், பரப்புகளைத் தைத்துக் கனப்பொருளை நினைவில் வைக்கும் முறையைக் கட்டினார். வடிவம் வரைபவருக்கு வேண்டியதும் மெஷ் போடுபவருக்கு வேண்டியதும் ஒன்றல்ல என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வரைபவர் போல்ட்டின் மரையையும், விளிம்பை மழுக்கும் அரை மில்லிமீட்டர் ஃபில்லட் வளைவையும், நிறுவனத்தின் புடைப்பெழுத்தையும் வரைந்து வைப்பார். இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அவர் கண்ணுக்குத் தெரியாது. மெஷ் நிரல் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடும். அல்லது அந்த ஃபில்லட்டைச் சுற்றி லட்சம் நான்முகிகளைக் குவிக்கும். ஆகவே முதலில் சுத்தம் செய்ய வேண்டும்: எந்தத் துளையை மூடலாம், எந்த ஃபில்லட்டைத் தூக்கலாம், எதைத் தொடக்கூடாது. விரிசல் பெரும்பாலும் ஃபில்லட்டில்தான் தொடங்கும் என்று தெரிந்தவர் அதைத் தூக்க மாட்டார். 2005-ல் தாமஸ் ஹியூஸ் குழுவினர், விமானம், கார், கப்பல் துறைகளில் பகுப்பாய்வு நேரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மெஷ் போடுவதிலேயே போகிறது என்று எழுதினார்கள். சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் பொறியியல் முடித்த இளைஞர்கள் ஹைப்பர்மெஷ் நிரலில் பயிற்சி எடுத்துக்கொண்டு உலகத்துக் கார் கம்பெனிகளுக்காக உட்கார்ந்து செய்வது இந்த 80 சதவீதத்தைத்தான். ஸ்க்யூ, வார்பேஜ், ஜேக்கோபியன் என்று வடிவக்கேட்டை அளக்கும் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, சிவப்பாகத் தெரியும் எலிமெண்டுகளை, அதாவது துண்டுகளை, ஒவ்வொன்றாகத் திருத்துவார்கள். அந்த வேலையைக் கடைநிலை வேலை என்று சிலர் நினைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு கணுவை எங்கே நகர்த்துவது என்று முடிவெடுக்கும்போது, விசை எந்த வழியாகப் பாய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காவலூர் கண்ணாடிக்கு இன்று ஒருவர் மெஷ் போடுவதாக வைத்துக்கொள்வோம். விட்டம் 2.34 மீட்டர், குவிவிகிதம் எஃப்/3.25. குவியத்தூரம் 7.6 மீட்டர் வருகிறது. அப்படியானால் பரவளையத்தின் நடு, விளிம்பைவிட நாலரை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். 5 சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் ஓர் அடுக்குக்குச் சுமார் 1,700 கட்டிகள். தடிமனில் நாலு அடுக்கு போட்டால் 7,000-க்குக் கிட்டே. கட்டியின் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்கு. முப்பரிமாணத்தில் ஆசைக்கு விலை அப்படித்தான் ஏறும். இங்கே ஒரு விஷயம் முதலில் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். 5 சென்டிமீட்டர் தட்டைக் கட்டி ஒன்றின் விளிம்பு, வளைந்த கண்ணாடிப் பரப்பிலிருந்து அதிகபட்சம் 0.02 மில்லிமீட்டர் விலகும். அது 20,000 நானோமீட்டர். நமக்கு வேண்டிய துல்லியமோ 50. மெஷ்ஷே 400 மடங்கு பிசகும்போது அதை நம்பி எப்படி விடை சொல்வது? சொல்லலாம். நமக்கு வேண்டியது கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது அல்ல, எவ்வளவு நகர்ந்தது என்பது. 0.02 மில்லிமீட்டர் விலகலால் கண்ணாடியின் விறைப்பு மாறுவதில்லை. கணுக்கள் பரப்பின்மேலேயே இருக்கின்றன; அவற்றின் நகர்வைக் கேட்டால் நானோமீட்டரில் பதில் வரும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில். அதே வட்டை நாலு கணு நான்முகிகளால் வெட்டி, தடிமனில் ஓர் அடுக்கு மட்டும் போட்டால், விடை அழகாக வரும். தொய்வு குறைவாகத் தெரியும். காரணம், அந்த நான்முகிக்குள் வளைவதற்கு இடமே இல்லை. நேராக நீளவும் சாயவும் மட்டும்தான் அதற்குத் தெரியும். வளைக்கும்போது அது பொய்யாக முரண்டு பிடிக்கும். கண்ணாடி உண்மையைவிட விறைப்பாகத் தோன்றும். தாங்கும் புள்ளிகள் போதும் என்று நினைத்துக்கொள்வோம். இதைப் பூட்டிக்கொள்ளும் நோய் என்று எஞ்சினியர்கள் எழுபதுகளிலேயே கண்டிருந்தார்கள், மருந்தும் வைத்திருந்தார்கள். மருந்து ஏன் வேலை செய்கிறது என்று தெளிவாக விளக்கியவர்களில் ஒருவர் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் கங்கன் பிரதாப். சென்னை ஐஐடியில் படித்தவர். எலிமெண்டுக்குள் எடுத்துக்கொள்ளும் வெவ்வேறு புலங்கள் ஒன்றோடொன்று இசையாவிட்டால் பொய்யான கட்டுப்பாடுகள் முளைக்கின்றன என்று காட்டினார். 1990-ல் அவருக்கு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. அந்த ஆய்வு நடந்தது காவலூர் கண்ணாடியைத் தேய்த்த அதே பெங்களூரில்.

இப்போது கருவிகள் எல்லோருக்கும் எட்டுகின்றன. பெல்ஜியத்தின் கிறிஸ்டோஃப் கெஸைனும் ழான்-பிரான்சுவா ரெமாக்கிலும் தொடங்கிய ஜிமெஷ்ஷை எந்தக் கல்லூரி மாணவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வடிவத்துக்கு ஃப்ரீகேட், தீர்ப்பதற்குக் கால்குலிக்ஸ். நம் ஊரிலும் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டுகளுக்காக ஃபீஸ்ட் என்ற நிரலைச் சொந்தமாகவே வளர்த்தெடுத்தது. இந்திய வானியற்பியல் நிறுவனம் பங்கேற்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் முதன்மைக் கண்ணாடி 492 துண்டுகளாக அமைகிறது. ஒவ்வொரு துண்டும் பின்னால் 27 புள்ளிகளில் தாங்கப்படும். அந்தப் புள்ளிகள் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மெஷ்.

நான்முகிகளை நிரல் தானாகவே போட்டுவிடுகிறது. கட்டிகளாக, அதாவது அறுமுகிகளாக வெட்டுவது இன்னமும் பிடிவாதமாக நிற்கிறது. கட்டிகள் வளைவதில் நேர்மையானவை, குறைவானவையே போதும். அதனால் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் 1992-ல் தொடங்கிய, ஆண்டுதோறும் நடக்கும் மெஷ் மாநாட்டில் இந்தப் பேச்சு ஓய்ந்ததே இல்லை. ராபர்ட் ஷ்னைடர்ஸ் 1990-களில் ஒரு சின்ன பிரமிடைக் கொண்டுவந்து வைத்தார். சதுர அடிப்பக்கத்தை நாலு சதுரங்களாகவும், நாலு முக்கோணப் பக்கங்களையும் மும்மூன்று நாற்கரங்களாகவும் பிரித்தாயிற்று. வெளிப்பரப்பில் மொத்தம் 16 நாற்கரங்கள். இந்தப் பரப்பை மாற்றாமல் உள்ளே முழுக்கக் கட்டிகளால் நிரப்பிக் காட்டுங்கள் என்றார். முடியும் என்று கணிதம் சொன்னது. எப்படி என்று சொல்லவில்லை. முதலில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டிகளில் ஒரு விடை வந்தது. யமகாவாவும் ஷிமாடாவும் 88-க்குக் கொண்டுவந்தார்கள். 2018-ல் ரெமாக்கில் குழுவினர் 44 கட்டிகளில் நிரப்பினார்கள். அதே ஆண்டில் சியாங்கும் லியூவும் 36-ல் நிரப்பிக் காட்டினார்கள்.